தாளில் இருந்த முதல் வசனம்

என் மகன் என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால், "மாஸ்டர் செய்யிறார்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். இரண்டு வருடம் அப்படித்தான் சமாளித்தேன். மாஸ்டர் என்றால் முதல் பட்டம் எடுத்த பிறகு படிக்கிற மேல்படிப்பு என்பது இங்கே பிரெஞ்சு நாட்டில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. எதில் மாஸ்டர் என்று கேட்கும்போதுதான் எனக்கு வியர்க்கும்.

ஒருமுறை லா கூர்னெவ்வில் ஒரு மண்டபத்தில், ஒரு பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்திய வீடு. என் மேசையில் இருந்த ஓர் அக்கா விடவில்லை.

"எதிலை மாஸ்டர்?"

"உலக அபிவிருத்தியும் சுற்றாடலும்," என்று தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"சுற்றாடலோ? அது குப்பை லொறிக்குப் பின்னாலை தொங்கிக்கொண்டு போறவையின்ரை வேலையெல்லே?"

"சும்மா இருங்கோ அக்கா," என்றார் பக்கத்தில் இருந்தவர். "மாஸ்டர் முடிச்ச பிள்ளை ஏன் பின்னாலை தொங்கப் போகுது? முன்னுக்கு, டிரைவருக்குப் பக்கத்திலை இருக்கும்."

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மறுத்து ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சிரிக்க வந்தது. வீட்டுக்குப் போகும்போது ரயிலில் அது நினைவுக்கு வந்து முகம் சுட்டது. அவன் என்ன படிக்கிறான் என்பது எனக்கு விளங்காததால் நான் சொல்லாமல் விடவில்லை. நன்றாக விளங்கியதால்தான் சொல்லாமல் விட்டேன்.

அவன் ஒரு சனிக்கிழமை எங்கள் குசினியில், நான் சமைக்கும்போது, அதை எனக்கு விளங்கப்படுத்தியிருந்தான். கறிக்கு எடுத்து வைத்த முருங்கைக்காயைத் தூக்கிக் காட்டினான்.

"அம்மா, இது எங்கை இருந்து வந்தது?"

"கடையிலை இருந்து."

"கடைக்கு?"

"பிளேனிலை."

"அதை வெட்டினது ஆர்? வெட்டின ஆளுக்கு என்ன கிடைச்சது? பிளேன் விட்ட புகை ஆருக்கு? இஞ்சை வந்து பழுதாப் போனால் அது எங்கை போகுது? வொலா. இதுதான் என்ரை படிப்பு."

என் கணவர் ரோய்சி விமான நிலையத்தில் சரக்கு இறக்குகிற வேலை செய்கிறார். அவர் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் பெட்டியை இறக்கிறன். அம்மா பெட்டியைத் திறக்கிறா. நீ பெட்டியைப் பற்றி எழுதுறாய். எங்கடை குடும்பமே ஒரு பெட்டிக்குள்ளைதான் சீவிக்குது."

அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். மேலே கடை. கீழே, செங்குத்தான பன்னிரண்டு படி இறங்கினால், காவ் என்று சொல்கிற நிலவறை. விமானத்தில் வந்த பெட்டிகள் அங்கேதான் இறங்கும். பஞ்சுபோல் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளில் வல்லாரை, பொன்னாங்காணி, அகத்தி. கடதாசிப் பெட்டிகளில் முருங்கைக்காய், பயத்தங்காய். ஒட்டியிருக்கிற நாடாவை வெட்டி மூடியைத் தூக்கியதும் முதலில் மணத்தைப் பார்ப்பேன். பிறகு கீரைக் கட்டின் நடுவில் விரலை விடுவேன். வெளியே குளிராக இருக்கும். நடுவில் சூடு தெரிந்தால் அந்தக் கட்டு உள்ளுக்குள் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை அவிழ்த்து, மஞ்சள் இலைகளை எடுத்து, மூன்று கட்டை இரண்டு கட்டாக மறுபடி கட்ட வேண்டும். கட்ட முடியாததைப் பச்சைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். சில நாட்களில் தொட்டி ஒன்றோடு முடியாது.

எவ்வளவு வீசுகிறேன் என்று நான் வீட்டில் சொன்னதில்லை. சாப்பாட்டுச் சாமானை வீசக் கூசுகிற கைதான் என்னுடையது. பழகிவிட்டது.

இந்த நிலவறையில் நான் நின்றதெல்லாம் என் பிள்ளை ஒருநாளும் இங்கே இறங்கக் கூடாது என்றுதான். அவன் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போனான். போய், அங்கே இருந்து நேராக என் பன்னிரண்டு படியையும் இறங்கி வந்துவிட்டான். எனக்கு அப்படித்தான் தோன்றியது. அதை அவனிடம் சொல்லவில்லை.

இரண்டாவது வருடம் தொடங்கி, மழைக்காலம் வந்தபோது, அவன் ஒருநாள் கேட்டான்.

"அம்மா, எங்கடை வகுப்பு லாச்சப்பல் பார்க்க வருது. நாலைஞ்சு கடைக்குப் போவம். உங்கடை கடைக்கும். முதலாளியோடை கதைச்சிட்டன், ஓம் எண்டிட்டார். நீங்கள் பத்து நிமிஷம் கதைப்பீங்களோ?"

"நானோ? என்னத்தைக் கதைக்கிறது?"

"நீங்கள் கீழை செய்யிற வேலையைப் பற்றி. அது ஒரு புத்தகத்திலையும் இல்லை அம்மா. எங்கடை புரொபெசருக்கும் தெரியாது."

"ஓம், ஓம்," என்றேன். பேச்சை முடிப்பதற்காகச் சொல்கிற ஓம். அவன் அதை உண்மையான ஓம் என்று எடுத்துக்கொண்டான்.

எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தடக்கும் என்பதால், சொல்ல வேண்டியதைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதித் தந்தான். அவனுடைய தமிழ் எழுத்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பழகிய உருண்டையான எழுத்து. ஆறு வசனம். முதல் வசனம், 'ஷெ சுய் ஸா மேர்.' நான் இவனுடைய தாய். மற்றவை பெட்டியைப் பற்றியும், கட்டின் நடுவில் கை வைத்துப் பார்ப்பதைப் பற்றியும். வீடு இருக்கிற வில்லியே லே பெல்லில் இருந்து வரும் டி பாதை ரயிலில், காலையில், ஜன்னல் பக்கம் திரும்பி நின்று உதடு அசையாமல் அந்த ஆறு வசனத்தையும் பாடமாக்கினேன். ஒரு கிழமையில் பாடமாகிவிட்டது. முதல் வசனத்தைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குச் சிரிப்பு வரும். இதையும் யாராவது எழுதி வைத்துப் பாடமாக்குவார்களா என்று.

அவனுடைய ஆய்வுக்கு ஒரு பத்திரமும் தந்தான். விருப்பத்தோடுதான் பதில் சொல்கிறேன், எந்த நேரமும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்று அதில் இருந்தது. கையெழுத்து வைத்தேன். அவன் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தான்.

அவர்கள் பின்னேரம் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. நான் வீட்டில் இருந்து ஒரு நல்ல மேற்சட்டை கொண்டுபோய், பையில் மடித்து வைத்திருந்தேன். இரண்டரைக்கு முகம் கழுவி, மேற்சட்டையை மாற்றி, மேலே வந்து நிற்பது என்று திட்டம்.

பதினொரு மணிக்கு வந்துவிட்டார்கள். வேறொரு கடைக்காரர் நேரம் மாற்றியதாம். மகன் எனக்குப் போன் எடுத்திருக்கிறான். நிலவறையில் போன் வேலை செய்யாது. அன்று வந்ததில் ஒரு வல்லாரைப் பெட்டி வெயிலில் நின்றதுபோல வெந்து வந்திருந்தது. முழங்கைவரை பச்சைச் சாறு. மேலே இருந்து யாரோ பயத்தங்காய் முடிந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு படி ஏறினேன்.

ஏறி வந்து பார்த்தால் கடை நிறையப் பிள்ளைகள். மழையில் நனைந்த மேலங்கிகள், முதுகுப்பைகள், கையில் கொப்பிகள். முதலாளி வாசலில் நின்று புரொபெசருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பிரெஞ்சு நல்ல சத்தமான பிரெஞ்சு. எங்கள் கடையில் ஒன்றும் வீணாகப் போவதில்லை, வருவது எல்லாம் விற்றுவிடும் என்றார். புரொபெசர் எழுதிக்கொண்டார்.

என் மகன் படி வாசலில் நின்றான். என்னைக் கண்டதும் அவனுடைய முகம் மலர்ந்தது. இதை நான் எழுதத்தான் வேண்டும். முகம் மலர்ந்தது.

நான், "பார்தோன், மிஸ்யே," என்றேன். மன்னிக்கவும் ஐயா என்று வழி விடச் சொல்லி, வேறு யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல.

அவன் ஒதுங்கினான். அது பகிடி என்று நினைத்திருப்பான். பக்கத்தில் மஞ்சள் மழைச்சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை நின்றாள். அவளுக்கு என்ன தெரிந்ததோ. எனக்கும் அவனுக்கும் ஒரே மாதிரிப் புருவம், நடுவில் சேர்ந்தது. அதைப் பார்த்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு, "நீங்கள் இவருடைய அம்மாவா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"நோன்," என்றேன். "நோன், மத்மோசெல்."

இல்லை, இல்லை என்று இரண்டு தரம்.

பிறகு பயத்தங்காயைத் தட்டில் கொட்டினேன். நிதானமாக, நுனிகள் ஒரே பக்கம் வரும்படி அடுக்கினேன். அந்த நேரத்தில் எனக்கு அடுக்குவது முக்கியமாக இருந்தது. வெறும் கூடையை எடுத்துக்கொண்டு அவனைப் பார்க்காமல் படி இறங்கினேன்.

கீழே ஐந்தாவது படிக்குப் பக்கத்தில் நின்றால் மேலே கதைப்பது கேட்கும். நின்றேன். முருங்கைக்காய் எங்கே இருந்து வருகிறது, யார் அனுப்புகிறார்கள் என்று என் மகன்தான் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு முறை தொண்டையைச் செருமினான். கீழே நடக்கிற வேலை பற்றி ஒருவன் கேட்டான். அதைச் சொல்லக்கூடிய ஆள் இன்றைக்கு வசதிப்படவில்லை என்றான்.

அவர்கள் போன பிறகு, கல்லாவில் இருக்கிற அக்கா படி வாசலுக்கு வந்து குனிந்து பார்த்தார். அவர் பாண்டிச்சேரி. இந்தக் கடைக்கு எனக்கு முன்னால் வந்தவர். என் மகன் சின்னப் பிள்ளையாகக் கடைக்கு வந்து போன காலத்தில் இருந்தே அவருக்கு அவனைத் தெரியும்.

"ஏம்மா! பெத்த புள்ளய மிஸ்யேன்ற, இல்லேன்ற. உனக்கு எப்டிம்மா வாய் வந்துச்சு?"

நான் அடுத்த பெட்டியின் நாடாவை வெட்டினேன்.

"எம் புருஷன யாராவது கேட்டா இல்லேன்னு சொல்லணும்னு முப்பது வருஷமா பாக்குறேன். எனக்கு வர மாட்டேங்குது. நீ பட்டுன்னு சொல்லிட்டியே."

என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "சரி விடு. புள்ளதான, புரிஞ்சுக்கும். மூஞ்சியக் கழுவு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரன் பைக்குள் கையை விட்டேன். தாள் நனைந்து, எழுத்துகள் ஊதாவாகப் பரவியிருந்தன. நல்ல மேற்சட்டை பையில் மடித்தபடியே இருந்தது.

அன்று பின்னேரம் அவன் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டான். நான் ஏதோ தொடங்கினேன். "செ பா கிராவ், அம்மா," என்றான். பரவாயில்லை என்று. அவன் சின்ன வயதில் இருந்தே மனம் நொந்தால் பிரெஞ்சுக்குப் போய்விடுவான். அதற்குப் பிறகு சில நாட்கள், நான் தமிழில் என்ன கேட்டாலும் பதில் பிரெஞ்சில்தான் வந்தது. மரியாதையான, சின்னச் சின்னப் பதில்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பத்திரத்தைக் காணவில்லை. கேட்டேன்.

"நீங்கள் விலகிட்டீங்கள். காரணம் கேட்கக் கூடாது. அதுதான் சட்டம்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

அவன் கேட்கக் கூடாத காரணத்தை நான் எனக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். என் கணவர் ஒரு காரணம் கண்டுபிடித்துத் தந்தார். "கொப்பியோடை வந்து கேள்வி கேட்டால் உனக்குப் பயம் வரும்தானே. விசா பார்க்கிற கொன்றோல் எண்டு நினைச்சிருப்பாய். அகதிக் கந்தோரிலை கேட்ட கேள்வியள் மறக்குமே? நாங்கள் தெரியாது, இல்லை எண்டு சொல்லிச் சொல்லியே உயிர் தப்பின சனம்."

நல்ல காரணம். கேட்கிற யாரும் தலையாட்டுவார்கள். ஆனால் நான் பயப்படவில்லை. அவர்கள் பிள்ளைகள் என்று கண்ட உடனேயே தெரியும்.

இன்னொரு காரணத்தை நானே கண்டுபிடித்தேன். அவனுக்குப் பத்து வயதாக இருக்கும்போது, பள்ளிக்கூட வாசலில் வைத்து, "அம்மா, இஞ்சை நிண்டு பிரெஞ்சு கதைக்காதீங்கோ, எல்லாரும் பார்க்கினம்," என்று சொல்லியிருந்தான். அன்றில் இருந்து அவனுடைய சிநேகிதர்களுக்கு முன்னால் நான் வாய் திறப்பதில்லை. அவன் சொன்னதைத்தான் செய்தேன் என்று அவனிடம் சொல்லிவிடலாம். அவன் தலை குனிவான், மன்னிப்புக் கேட்பான், பிழை அவன் பக்கம் போய்விடும். இரண்டு நாள் அதைச் சொல்ல ஆயத்தமாக வைத்திருந்தேன். பத்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டப் பார்த்ததை நினைக்க இப்போதும் கூசுகிறது.

காரணம் சாமத்திய வீட்டு மேசையில் இருந்தது. அன்று நான் சிரித்தேனே, அந்தச் சிரிப்புத்தான் கடையில் நோன் என்று வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால், பச்சைச் சாறு வடிகிற கையோடு, இவன் என் பிள்ளை என்று சொன்னால், அவன் பல்கலைக்கழகத்துப் பிள்ளை இல்லை, காவ்வில் இருந்து வந்த பிள்ளை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். ஆனால் அவன் அங்கே வந்ததே நான் அங்கே நிற்கிறேன் என்பதற்காகத்தான். வெட்கம் எனக்கு என் கையைப் பற்றி மட்டும் இல்லை. அவனுடைய படிப்பைப் பற்றியும் வெட்கப்பட்டேன். அவன் அதைத் தெரிந்துகொண்டான் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் பிரெஞ்சு.

இதை எல்லாம் நான் ஒரே நாளில் விளங்கிக்கொள்ளவில்லை. நத்தார்ப் பண்டிகையும் வந்து போய்விட்டது. அவன் ஆய்வறிக்கை எழுதத் தொடங்கியிருந்தான். குசினி மேசையில் கணினியும் தாள்களுமாக இருப்பான். நான் சமைக்க வந்தால் எல்லாவற்றையும் ஒதுக்கி இடம் விடுவான். ஒருநாள், என்ன எழுதுகிறான் என்று கேட்டேன். பழுதாகப் போகிற சாமான் பற்றிய பகுதி என்றான். முதலாளிமார் எல்லோரும் ஒன்றும் வீணாவதில்லை என்கிறார்கள். அதைத்தான் போட வேண்டும் என்றான்.

"அதைப் போடப் போறியோ?"

"வேறை ஆரும் சொல்லேல்லையே அம்மா."

அது தமிழில் வந்தது. கன நாளைக்குப் பிறகு.

நான் பச்சைத் தொட்டியை நினைத்தேன். என் பிள்ளையின் பெயர் போட்டு, தடித்த அட்டை போட்டு, ஒரு புத்தகம் வரப்போகிறது. அதில் உண்மை இல்லாத ஒன்று இருக்கப் போகிறது. அது உண்மை இல்லை என்று தெரிந்த ஆள், மேசைக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அந்தப் பத்திரத்தைத் திருப்பித் தா," என்றேன். "கையெழுத்து வைக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் போனை மேசையில் வைத்து ஒலிப்பதிவுப் பொத்தானை அமத்தினான். தமிழில் சொல்லலாம் என்றான், அவன் மொழிபெயர்ப்பானாம். கணவர் வரவேற்பறைக்குப் போய், கேட்காததுபோல் இருந்தார். மகன் கேள்வித் தாளைப் பார்த்து, அறியாத ஒருவரிடம் கேட்பதுபோல் குரலை மாற்றிக்கொண்டு தொடங்கினான். வயது. எந்த வேலை. எத்தனை வருடம். பிறகு கொஞ்சம் நின்றான்.

"ஆய்வு செய்யிற ஆளுக்கும் உங்களுக்கும் ஏதாவது உறவு இருக்கோ?"

நான் போனைப் பார்த்தேன். சின்னச் சிவப்புப் புள்ளி ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கோ அம்மா. இருக்கிறதுக்குள்ளை சுகமான கேள்வி இதுதான்." அவனுடைய வாயோரம் சிரிப்பு இருந்தது. அதில் கொஞ்சம் கூரும் இருந்தது. இருக்கட்டும்.

"தாய்," என்றேன். "நான் தாய்."

அதற்குப் பிறகு வந்தது. பெட்டி திறப்பது, மணம், நடுவில் விரல் விடுவது, சூடு, மூன்று கட்டு இரண்டு கட்டாவது, தொட்டி. எந்தக் காலத்தில் கூடுதலாகப் பழுதாகும், எந்தக் கீரை பயணம் தாங்காது, முதலாளி வருவதற்கு முன்னால் தொட்டியை ஏன் மூடி வைப்பேன் என்பது எல்லாம். என் வாழ்க்கையில் ஒரு மூச்சில் அவ்வளவு நேரம் நான் கதைத்ததில்லை. வரவேற்பறையில் இருந்து, "இவ்வளவு வீசுறியளோ?" என்று கணவர் எட்டிப் பார்த்தார். "அப்பா, ஒலிப்பதிவு நடக்குது!" என்று மகன் கத்தினான்.

முடிந்ததும் அவன் சொன்னான்: "உறவை அறிக்கையிலை போட மாட்டன். ஒரு கடையிலை வேலை செய்யிற பெண் எண்டு மட்டும் போடுவன். அம்மா எண்டு போட்டால் எந்தக் கடை எண்டு தெரிஞ்சிடும். உங்களுக்குப் பிரச்சினை."

அவன் சொன்னது சரி. ஆனால் நான் கடையில் சொன்னதுதான் அச்சிலும் வரப்போகிறது. அவனுக்கு நான் யாரோ ஒரு பெண்.

"நல்லது," என்றேன்.

கோடை தொடங்கியபோது அவன் அறிக்கையை ஆசிரியர்களுக்கு முன்னால் பேசிக் காட்ட வேண்டிய நாள் வந்தது. யாரும் போய்ப் பார்க்கலாம் என்றான். வரச் சொல்லி என்னைக் கேட்கவில்லை; நாளையும் நேரத்தையும் மட்டும் சொன்னான். கணவருக்கு அன்று வேலை. நான் கடையில் மத்தியானம் ஒரு மணி வரைக்கும் லீவு கேட்டேன். முதலாளிக்குப் பல்லு வைத்தியர் என்று சொன்னேன். இன்னொரு பொய். கல்லா அக்காவுக்கு மட்டும் உண்மை தெரியும். "அந்த நல்ல மேல்சட்டையப் போட்டுக்கினு போ," என்றார். "இந்தத் தடவ யாராவது கேட்டா ஒளறாத."

சின்ன அறை. கடைசி வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மூன்று ஆசிரியர்கள், நடுவில் கடைக்கு வந்த புரொபெசர். வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். என் மகன் கதைத்த பிரெஞ்சில் பாதி எனக்கு மேலால் போனது. ஆனால் ஓர் இடத்தில் கையை முன்னால் நீட்டி, விரலை ஏதோ ஒன்றுக்குள் விடுவதுபோல் காட்டினான். என்னுடைய கை. அப்படியே என்னுடைய கை. மூன்று ஆசிரியர்களில் இருந்த ஓர் அம்மா, பிறகு கேள்வி கேட்கும்போது, அந்தப் பக்கத்தைத் திறந்து, 'கை', 'சூடு' என்ற சொற்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த அறிக்கையில் தனக்குத் தெரியாமல் இருந்த விஷயம் இதுதான் என்று சொன்னதாக நினைக்கிறேன். நான் என் கையை மடியில் வைத்து மறைத்துக்கொண்டேன். எவ்வளவு தேய்த்தாலும் நகத்தோரம் பச்சை போவதில்லை.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவனைச் சுற்றி நின்றார்கள். நான் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் வந்து நின்றேன். அந்தப் பெண்பிள்ளை தண்ணீர் போத்தலோடு வெளியே வந்தாள். இன்று மஞ்சள் மழைச்சட்டை இல்லை. ஆனால் முகம் மறக்கவில்லை.

நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். அவள் திகைத்தாள்.

"மத்மோசெல்," என்றேன். "வுய். ஷெ சுய் ஸா மேர்."

ஓம், நான் இவனுடைய தாய் என்று, பாடமாக்கியபடியே வந்தது. முதல் வசனம்.

அவள் என் கையைப் பிடித்தாள், நகத்தைப் பார்க்காமல். "தெரியும் மதாம்," என்றாள். எனக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். "கடையை விட்டு வெளியே வந்த உடனேயே அவன் எங்களுக்குச் சொல்லிவிட்டான். 'அது என் அம்மாதான், அவவுக்கு வேலை நேரம், வேலை செய்கிற ஆளிடம் போய் அப்படிக் கேட்கக் கூடாது' என்றான். நான்தான் பிழை விட்டேன், என்னை மன்னியுங்கள்," என்றாள்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அவன் எட்டு வயதில் இருந்து எனக்கு மொழிபெயர்த்திருக்கிறான். ஆஸ்பத்திரியில், நகரசபையில், தபாற் கந்தோரில். அதிகாரிகள் எரிந்து விழுந்தால், அவன் எனக்கு அதை மெதுவாக்கித் தமிழில் தருவான். அவர்களுடைய முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும். ஆனால் அவன் தந்ததையே எடுத்துக்கொள்வேன். என்னுடைய நோன்-ஐயும் அவன் அப்படித்தான், மழையில் நின்று, அந்தப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறான். வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லவில்லை. நான் ஏழு மாதம் என்னுடைய வெட்கத்தோடு இருந்தேன். அவன் அதே ஏழு மாதம் என்னை விட்டுக் கொடுக்காமல் இருந்தான்.

அவன் வெளியே வந்தான். கழுத்துப்பட்டி அவிழ்ந்திருந்தது. "அம்மா, வந்தனீங்களோ!" என்றான், நான் பின்னால் இருந்ததைக் காணாதவன்போல. கண்டிருப்பான். மெத்ரோ ரயிலடி வரைக்கும் என்னோடு நடந்து வந்தான். ஒரு மணிக்குப் பெட்டிகள் வந்துவிடும்.

"அவளோடை என்ன கதைச்சனீங்கள்?"

"ஒண்டுமில்லை," என்று வாயில் வந்தது. அதை நிறுத்திக்கொண்டேன். "முந்தி ஒரு கேள்வி கேட்டவள். அதுக்கு மறுமொழி சொன்னனான்."

எந்தக் கேள்வி என்று அவன் கேட்கவில்லை. படியால் இறங்கும்போது என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.